கயிற்றின் மறுமுனை

கல்வராயன் மலைக்கு வடக்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துத் தண்டராம்பட்டுப் பகுதியில் எடத்தனூர் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் நடுகல் ஒன்று தமிழ்க் கல்வெட்டு உலகில் தனிப்புகழ் உடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைக்கான பூசலில் பட்டதை அக்கல் பதிவு செய்கிறது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதும், கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்றது என்பதும் கல்வெட்டே தரும் செய்திகள். விலங்கொன்றின் பெயரைக் கல்லில் பொறித்து நன்றி பாராட்டிய சமூகம் நம்முடையது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கும் நடுகல் உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஆண்டுதோறும் நடுகற்களைப் பாடம் நடத்தும்போது இந்தக் கல்லின் படத்தைக் காட்டுவது என் வழக்கம். மாணவர்கள் நாயின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்வார்கள். ஒருமுறை, மலையிலிருந்து இறங்கி வந்து படித்த மாணவர் ஒருவர் மட்டும் மலரவில்லை. வகுப்பு முடியும் தறுவாயில் எழுந்து, “ஐயா, கடிபட்டவர்கள் கள்ளர்கள்தாம் என்று யார் சொன்னது?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை என்று நாம் திணை வகுத்துப் படிக்கிறோம். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் கவரச் சென்று பட்டவனுக்கும் கல் உண்டு, மீட்கச் சென்று பட்டவனுக்கும் கல் உண்டு. ஓர் ஊரில் கள்ளன் எனப்பட்டவன் இன்னோர் ஊரில் வீரன். எடத்தனூர்க் கல்லை நட்டவர்கள் நாயை வளர்த்த பக்கத்தார். கடிபட்ட இருவரின் பெயரும் அதில் இல்லை. அவர்கள் உண்மையில் கவர வந்தவர்களா, அவ்வழியே சென்றவர்களா என்று கல்லைக் கேட்டு அறிய முடியாது. நாயின் பெயர் 1400 ஆண்டுகளாக நிற்கிறது. கடிபட்டவனின் பெயர் அன்றே அழிந்தது.

அந்த மாணவரின் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை. அரசின் கையில் இருக்கும் நாய், குற்றத்துக்குத் தொடர்பில்லாத ஒருவரைக் கடித்தால் பொறுப்பு யாருடையது?

*

நம் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் ஒரு வாய்பாடு உண்டு. மோப்ப நாய் வரவழைக்கப்படும். அது சம்பவ இடத்திலிருந்து சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். யாரையும் கவ்விப் பிடிக்காது. திருட்டோ கொலையோ, ஊர் எதுவாயினும், இந்த மூன்று வாக்கியங்கள் மாறுவதில்லை. படித்துப் பழகிய நாம் இதை ஏமாற்றத்தின் குறிப்பாகவே கொள்கிறோம். நாய் யாரையேனும் கவ்விப் பிடிக்க வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. கவ்வப்படுபவர் குற்றவாளியாகத்தான் இருப்பார் என்பது அந்த எதிர்பார்ப்பின் அடியில் கிடக்கும் நம்பிக்கை.

நாய்களை முறையாகப் பயிற்றிக் காவல் பணியில் அமர்த்தும் வழக்கம் 1899இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் தொடங்கியது. 1908இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் களவைத் தடுக்க இரயில்வே காவலர்கள் நாய்களைப் பயன்படுத்தினார்கள். 1950களின் தொடக்கத்தில் சென்னைக் காவல்துறையும் துப்பறியும் நாய்ப்பிரிவை அமைத்தது. இந்தியாவின் முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று. நம் நாட்டுக் காவல் நாய்கள் பெரும்பாலும் தடம் பற்றவும் வெடிபொருளையும் போதைப்பொருளையும் கண்டறியவும் பழக்கப்பட்டவை. மேலைநாடுகளில் ஆளைப் பிடிக்கப் பழக்கப்பட்ட நாய்களும் ஏராளம்.

ஆள் பிடிக்கும் நாய்க்கு இரு பயிற்சி முறைகள் உண்டு. ஒன்றில் நாய் ஆளைக் கண்டதும் கவ்வி, விடச் சொல்லும் வரை பிடித்திருக்கும். மற்றதில் ஆளைச் சுற்றி நின்று குரைக்கும். அவர் தாக்கினாலோ தப்பி ஓடினாலோதான் கவ்வும். முதல் முறையில், கயிற்றை அவிழ்த்த நொடியிலேயே கடி ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஓடுபவன் திருடனா, திருடனைத் துரத்தும் ஊர்க்காரனா, அஞ்சி ஓடும் சிறுவனா என்று பகுத்தறியும் பொறுப்பை நாயிடம் ஒப்படைக்க இயலாது. அது ஓட்டத்தைப் பார்க்கிறது. ஓட்டத்தின் காரணத்தைப் பார்க்க வேண்டியவர் கயிற்றின் மறுமுனையில் நிற்கிறார்.

*

2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விசித்திர வழக்கைத் தீர்த்தது. மான்செஸ்டர் பகுதியில் குற்றவாளிகளைத் துரத்திய காவலர் ஒருவரை, சக காவலரின் நாயே கடித்துவிட்டது. நாயைப் பிடித்திருந்தவர் கால் இடறியபோது கயிறு நழுவியது. முன்னே ஓடிய கிளாஸ்டர் என்னும் காவலரே தன் இலக்கு என்று நாய் கருதியது. 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் கீழ் அவர் இழப்பீடு கோரினார். அச்சட்டம், விலங்கின் சில இயல்புகளால் தீங்கு விளைந்தால், கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே வளர்ப்பவரைப் பொறுப்பாக்குவது. நீதிமன்றம் மறுத்தது. தீங்கு விளைந்தது நாயின் இயற்கைக் குணத்தால் அன்று, அது பெற்ற பயிற்சியால் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று.

இத்தீர்ப்பு நெஞ்சில் நெருடுகிறது. இயல்பான மூர்க்கம் என்றால் உரிமையாளர் பொறுப்பு. அரசே கற்பித்த கடி என்றால் அந்தச் சட்டம் எட்டாது. கவனக்குறைவு என்னும் பொதுவழி திறந்திருக்கிறது. ஆயினும் அதை மெய்ப்பிக்கும் சுமை கடிபட்டவர் தோளில். அதே நாட்டின் 1991ஆம் ஆண்டு அபாயகர நாய்கள் சட்டமும், காவலர் சட்டபூர்வமான பணிக்குப் பயன்படுத்தும் நாயைக் ‘கட்டுக்கடங்காத நாய்’ என்னும் வரையறையிலிருந்து விலக்கி வைக்கிறது. கடிபட்டவர் காவலராக இருந்தும் நிலைமை இது.

அமெரிக்காவில் வேறு பாதை. 1998இல் மேரிலாந்து மாநிலத்து வழக்கொன்றில், வீட்டுக்குள் திருடன் ஒளிந்திருப்பதாக எண்ணிக் காவலர் நாயை உள்ளே விட்டார். உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர் அவ்வீட்டில் குடியிருந்த பெண். அவரை நாய் கடித்துக் குதறியது. முன்னெச்சரிக்கை செய்யாமல் நாயை விடுவது அரசமைப்பு காக்கும் உரிமையை மீறும் செயல் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. உரக்கக் கூவி எச்சரித்தாரா இல்லையா என்பதே வழக்கின் உயிர்நாடி. 1989இல் வெஸ்ட் பாம் பீச் நகர வழக்கில் இன்னொரு நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. நாய்ப்பிரிவில் கடிகள் மிகுந்திருந்தும் மேற்பார்வையையும் பயிற்சியையும் சீர்செய்யாத நகர நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டும் என்ற நடுவர்குழுவின் முடிவை அது நிலைநிறுத்தியது. கயிற்றின் மறுமுனையில் நிற்பவருக்குப் பின்னால் ஓர் அலுவலகம் இருக்கிறது என்பதைச் சட்டம் கண்டுகொண்ட இடம் அது.

நமக்கு இது புதிய சிந்தனை அன்று. மனுநீதிச் சோழன் கதையில் கன்று தேர்க்காலில் பட்டு இறந்தபோது, குதிரையை யாரும் பழிக்கவில்லை. தெருவில் துள்ளிய கன்றின்மேல் குற்றம் சுமத்தவும் வழி இருந்தது; அரசன் அதையும் ஏற்கவில்லை. தேரில் சென்றவன் தன் மகன் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. தண்டனையின் கடுமையை நாம் இன்று ஏற்க வேண்டியதில்லை. பொறுப்பு கீழ்நோக்கி வழியாமல் மேல்நோக்கி ஏறியது என்பதே அக்கதையில் நான் காணும் நீதி.

*

இந்தியச் சட்டத்தில் நாயின் மூக்குக்கு வரம்பு கட்டப்பட்டுவிட்டது. 1969இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், தடம் பற்றும் நாயின் செயலைச் சான்றாகக் கொள்வதிலுள்ள இடர்களை விளக்கியது. நாய் கூண்டேறிச் சாட்சி சொல்லாது. அதைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. கையாள்பவர் சொல்வதோ நாயின் மனத்தைப் பற்றிய அவரது விளக்கமே. 2001, 2008 ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளும் இந்த எச்சரிக்கையை உறுதிப்படுத்தின. ஆகவே நாய் ஒருவர் வாசலில் போய் நின்றது என்பதால் மட்டும் அவர் குற்றவாளி ஆகமாட்டார்.

நாயின் பல்லுக்கோ இவ்வளவு தெளிவான வரம்பு இல்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் தடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் என்றது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு அபராத உச்சத்தை 5000 ரூபாய் ஆக்கியது. நாயை வைத்திருப்பவர் யார்? கயிற்றைப் பிடித்த காவலரா, பிரிவின் ஆய்வாளரா, அரசா? பிரிவின் வாசகம் இதற்கு விடை தரவில்லை. கைதின்போது தப்பிப்பதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்ற நடைமுறைச் சட்ட விதி உண்டு. அது கைது செய்யப்படுபவருக்கானது. வேடிக்கை பார்க்க நின்றவருக்கு அவ்விதியில் இடம் இல்லை.

அரசின் இழப்பீட்டுப் பொறுப்பு பற்றிய நம் சட்ட வரலாறே காயம்பட்ட ஒரு விலங்கிலிருந்து தொடங்குகிறது. கல்கத்தாவில் அரசுக் கப்பல் பட்டறையின் தொழிலாளர்கள் சாலையில் இரும்பைப் போட்டதால் வண்டிக் குதிரை மிரண்டு காயமுற்றது. கப்பல் நிறுவனம் வழக்காடி 1861இல் வென்றது. ஆனால் அத்தீர்ப்பு ஒரு பிரிவினையையும் விட்டுச் சென்றது: வணிகர்போல் அரசு செய்யும் செயலுக்குப் பொறுப்பு உண்டு, இறைமைச் செயலுக்கு இல்லை. 1960களின் நடுவில் கஸ்தூரிலால் வழக்கில் அதன் விளைவு தெரிந்தது. காவலர் கைப்பற்றிய வணிகரின் தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவர் கையாடிக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கைதும் பறிமுதலும் இறைமைச் செயல்கள். ஆகவே அரசு ஈடுகட்ட வேண்டியதில்லை என்றது உச்சநீதிமன்றம். 1993இல் ஒடிசாவின் நீலபதி பெஹெரா, காவலில் இறந்த மகனுக்காகக் கேட்ட நீதியில்தான் சுவர் பெரிதும் உடைந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் இறைமைக் கவசம் செல்லாது என்று கூறி 1,50,000 ரூபாய் இழப்பீடு அளிக்கப்பட்டது. அரசின் நாயால் கடிபட்ட ஒருவர் நாளை நீதிமன்றம் செல்வாரானால் அவர் நுழையத்தக்க வாசல் இதுவே.

*

அந்த வாசலுக்கு மலையிலிருந்து தூரம் அதிகம். கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. வழக்குகளால் இழுபட்டு 1970களில்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. அம்மலைமக்களில் பலருக்கு அரசு என்பது முதலில் சீருடையாகவே அறிமுகமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பின் மலையில் ஊறல் தேடும் சோதனைகள் மிகுந்தன. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. தேடுதல் வேண்டியதே. தேடுபவர்களைக் கண்டு ஓடுபவரெல்லாம் காய்ச்சுபவர் அல்லர் என்பதும் உண்மையே. அச்சத்தால் ஓடுவது மலையில் பழைய பழக்கம்.

அதற்குக் காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கே சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து இழைத்த கொடுமைகளை நாம் அறிவோம். அங்கு நாய் இல்லை. கயிறு பற்றிய கேள்வி இருந்தது. 2011இல் 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு கூறியது. பொறுப்பு மேல்நோக்கி ஏற 31 ஆண்டுகள் ஆயின.

செய்யவேண்டியவை அரியவை அல்ல. நாயைக் கயிற்றிலிருந்து விடும் ஆணையை யார் தரலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விடுமுன் அவ்வூரார்க்குப் புரியும் தமிழில் உரக்க எச்சரிக்க வேண்டும். ஒவ்வொரு கடியும், கடிபட்டவர் யாராயினும், அன்றே பதிவாக வேண்டும். நாயின் தடுப்பூசிச் சான்றைக் கடிபட்டவர் கையில் கொடுத்து, அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அப்பிரிவின் கடமையாக வேண்டும். இழப்பீட்டுக்காக அவரை நீதிமன்றத்துக்கு அலைக்கழிக்காத ஓர் எளிய வழியும் வேண்டும். கையாளும் காவலரைப் பலியிடுவது இதற்கு மாற்று ஆகாது. பெரும்பாலும் அவரும் ஆணைக்குக் கட்டுப்பட்டவரே.

அந்த மாணவருக்கு அன்று நான் சொன்ன விடை, “கல் அதைச் சொல்லவில்லை” என்பதே. இன்று கேட்டால் இன்னும் ஒரு வாக்கியம் சேர்ப்பேன். எடத்தனூர்க் கல் நாயின் பெயரையும், அது யாருடைய பக்கத்தில் நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. நம் காலத்துப் பதிவேடுகள் அந்த அளவு நேர்மையோடு தொடங்கி, கல் விட்டுவிட்ட அந்த இருவரின் பெயரையும் எழுதிக்கொண்டால் போதும்.