தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை

தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை என்பது, விளைநிலத்திலும் வரப்புகளிலும் மரங்களையும் புதர்ச்செடிகளையும் பயிர்களோடும் கால்நடைகளோடும் இணைத்து வளர்ப்பதை ஊக்குவிக்கும் பொருட்டு, இந்திய அரசு 2014 பிப்ரவரியில் பிரகடனம் செய்த கொள்கையாகும். இதற்கெனத் தேசிய அளவில் தனிக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியாவே. முன்னர் இவ்விஷயம் விவசாய, வன இலாகாக்களுக்கு இடையே சிதறிக் கிடந்தது. தன் வரப்பில் தானே நட்ட தேக்கை வெட்டுவதற்கும், வெட்டியதை லாரியில் ஏற்றி அனுப்புவதற்கும் பல மாநிலங்களில் குடியானவர் தனித்தனி அனுமதி பெற வேண்டியிருந்தமையால், மரம் நடும் உற்சாகமே குன்றியது. இவ்விதிகளைத் தளர்த்துவதோடு நல்ல நாற்று, கடன், காப்பீடு ஆகியவற்றையும் கொள்கை வலியுறுத்தியது. 2016-17இல், வரப்புதோறும் மரம் என்னும் கோஷத்துடன் தொடங்கிய வேளாண் காடு வளர்ப்புத் துணை இயக்கத்தின் உதவி, மர விதிகளைத் தளர்த்திய மாநிலங்களுக்கே உரியதாயிற்று.