எச்சமும் எல்லையும்

கல்வராயன் மலையிலே மழை பெய்யக் கோமுகி ஆறு பெருகும். ஆறு பெருகக் கள்ளக்குறிச்சி வயல்கள் செழிக்கும். இத்தொடரில் வரும் ‘பெய்ய’, ‘பெருக’ என்னும் சொற்களைச் செயவென் எச்சம் என்பர் நம் இலக்கண நூலார். இவ்வெச்சத்தை இலத்தீன் கற்ற ஒருவர் எவ்வாறு அறிந்துகொள்வார்?

மாணவ நண்பர்களே! கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, விருத்தாசலம் பகுதியில் கோணான்குப்பம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரோடு இணைத்துப் போற்றப்பெறுபவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி பாதிரியார் அவரே. தம்மைப் போல் அயல்நாட்டிலிருந்து வரும் குருமார் தமிழ் கற்பதற்காக, 1728-இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

இலத்தீனில் ‘அமாரே’ என்றால் அன்பு செய்தல். ‘அமாவிஸ்ஸே’ என்றால் அன்பு செய்திருத்தல். காலம் காட்டினும், செய்தவன் யார், ஒருவனா பலரா என்பதை இவ்வடிவம் காட்டாது. இடமும் எண்ணும் இதனை வரையறுப்பதில்லை. ஆதலின் ‘எல்லையற்றது’ என்னும் பொருளில் இதற்கு ‘இன்பினிதீவுஸ்’ என்று பெயரிட்டனர்.

நம் செயவென் எச்சமும் இடம், எண் காட்டுவதில்லை. ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கொண்டால் இடருறுவோம். ‘உண்ண வந்தான்’ என்று நாம் நோக்கத்தைச் சொல்லுமிடத்தில், இலத்தீன் உரைநடை பெரும்பாலும் வேறு வடிவங்களையே நாடும். ‘அவன் வந்தான் என்று கூறினர்’ என்று நாம் சொல்லுமிடத்திலோ, இலத்தீன் ‘இன்பினிதீவுஸ்’ வடிவத்தை ஆளும். ‘உண்டல் இனிது’ என்புழி நமக்குத் தொழிற்பெயர் வேண்டும். அவர்களுக்கு அவ்வடிவமே பெயராகவும் நிற்கும்.

பெயர்களையே எண்ணிப் பாருங்கள். உரோமர் வினையை நோக்கினர். அதற்கு எல்லை இல்லை என்றனர். தமிழர் தொடரை நோக்கினர். சொல்ல வேண்டியது இன்னும் எஞ்சி நிற்கிறது என்றனர். ‘மழை பெய்ய’ என்றதும், ‘பிறகு என்ன நிகழ்ந்தது?’ என்று கேட்பவர் உள்ளம் காத்திருக்கின்றதன்றோ? ஒரே வடிவத்தை இரு மக்கள் இரு வாயில்களின் வழியே கண்டனர்.

கொடுந்தமிழை இலத்தீன் சொற்களால் விளக்கிய முனிவர் அத்துடன் நின்றாரல்லர். 1730-இல் ‘தொன்னூல் விளக்கம்’ இயற்றியபோது, தமிழ் மரபு வழியே நூற்பாக்களை யாத்தார். தம் மொழியின் அளவுகோலைக் கையில் ஏந்தி வந்தவர், இந்நாட்டு அளவுகோலையும் ஏற்றுக்கொண்டார். பிற மொழி பயிலும் மாணவர் மேற்கொள்ளத்தக்க நெறி இதுவே. அயல் மொழிச் சொல்லுக்கு நம் மொழியில் இணைச்சொல் தேடுவது தொடக்கம். அம்மொழியார் அதனை எவ்வாறு நோக்கினர் என உணர்வதே கல்வி.