சுருக்கமாக ஒரு சுருக்கத்தின் கதை

சட்டையில் சுருக்கம் விழுந்தால் இஸ்திரி போடுகிறோம். முகத்தில் விழுந்தால் க்ரீம் தடவுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'ரிங்கிள்' என்று பெயர். ஆனால் இந்தச் சொல்லின் பழங்கதையைப் புரட்டினால், ஆரம்பத்தில் அதற்கும் முதுமைக்கும் சம்பந்தமே இல்லை!

பழைய ஆங்கிலத்தில் 'யெவ்ரிங்க்லோட்' என்றொரு சொல் இருந்தது. வளைந்து நெளிந்து செல்வது என்று அர்த்தம். ரிங்கிள் இதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. எழுதும்போது முதலில் 'டபிள்யூ' வரும், ஆனால் வாயில் வராது. பழைய ஆங்கிலேயர்கள் அதையும் சேர்த்தே உச்சரித்தார்கள். பிற்காலத்தில் ஒலி உதிர்ந்து எழுத்து மட்டும் தங்கிவிட்டது. இதே டபிள்யூவில் தொடங்கும் சொந்தக்காரர்கள் சிலர் உண்டு. துணியைப் பிழிவது 'ரிங்', முறுக்கித் திருகுவது 'ரென்ச்'. தவறு என்று நாம் சொல்லும் 'ராங்' கூட முதலில் கோணல் என்ற பொருளில் இருந்ததுதான். எல்லாமே முறுக்கல் குடும்பம். முறுக்கிப் பிழிந்த துணியில் சுருக்கம் விழாமல் இருக்குமா?

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோலில் விழும் கோட்டுக்கு ரிங்கிள் என்று பெயர் வந்தது. அடுத்த நூற்றாண்டில் துணிக்கும் வந்தது. 1640களில் குறை, சிக்கல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், 1817ல் அதே சொல் 'புது யோசனை' என்ற அர்த்தத்திலும் எழுத்தில் வந்துவிட்டது! நேராகப் போகாமல் கொஞ்சம் வளைந்து யோசிப்பவருக்குத்தானே புது வழி தெரியும்?

1962ல் அமெரிக்க எழுத்தாளர் மேடலின் லெங்கிள் தன் சிறுவர் நாவலுக்கு 'எ ரிங்கிள் இன் டைம்' என்று பெயர் வைத்தார். துணியை மடித்துப் பிடித்தால் அதன்மேல் ஊரும் பூச்சிக்குத் தூரம் குறைவதைப் போல, வெளியையும் காலத்தையும் மடித்துப் பயணம் போகும் கதை அது. 1963ல் நியூபெரி பதக்கம் பெற்றது.

அடுத்தது நிஜமான பிரபஞ்சம். அதன் மிகப் பழைய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெப்ப ஏற்றத்தாழ்வுகள் இருப்பதை 1992ல் கோபி செயற்கைக்கோள் காட்டியது. அந்த ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஸ்மூட், மறு ஆண்டு வந்த தன் புத்தகத்துக்கு 'ரிங்கிள்ஸ் இன் டைம்' என்றே பெயரிட்டார். 2006ல் ஜான் மேதருடன் நோபல் பரிசும் பெற்றார். பிரபஞ்சம் இஸ்திரி போட்டது போல ஒரே சீராக இருந்திருந்தால் விண்மீன் மண்டலங்களும் இல்லை, பூமியும் இல்லை, நாமும் இல்லை!

இதற்கிடையில் 2002ல் அமெரிக்க அரசு, புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளை மறைக்க போடாக்ஸ் ஊசிக்கு அனுமதி கொடுத்தது. ரிங்கிள் என்றாலே அழிக்க வேண்டிய எதிரி என்று விளம்பரங்கள் சொல்கின்றன. சொல்லின் வரலாறோ வேறு மாதிரி சொல்கிறது.

தமிழில் பாருங்கள்... தோலில் விழுந்தாலும் சுருக்கம், நீண்ட கதையின் சாரத்தை எடுத்துச் சொன்னாலும் சுருக்கம். பாட்டியின் முகத்தில் இருப்பது இரண்டும்தான்!