கண்டெடுத்த பொருளும் கடன் வாங்கிய முகமும்

புதூர்நாடு இருக்கும் ஜவ்வாது மலையில் சில ஊர்களில் புதிய கற்காலத்துக் கைக்கோடரிகளைக் குவித்து வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். யாரோ ஒருவர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தீட்டிய கருவி, இன்று தெய்வம். கல் மாறவில்லை. அது இருக்கும் இடமும் அதைப் பார்க்கும் கண்ணும்தான் மாறின.

1917-ல் நியூயார்க்கில் மார்சல் டூஷாம் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கடையில் கிடைக்கும் பீங்கான் சிறுநீர்த் தொட்டி ஒன்றில் ஒரு பொய்க் கையெழுத்தைப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஏற்பாட்டாளர்கள் அதை வைக்க மறுத்தார்கள். ஆனால் 'கலை என்பது கைவேலையா, கருத்தா?' என்ற கேள்வி அதோடு போய்விடவில்லை. கருத்துக் கலையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் அந்தக் கேள்வியைத் துணிச்சலாகக் கையிலெடுத்தவர்களில் ஒருவர் விவான் சுந்தரம் (1943–2023). தந்தை கல்யாண் சுந்தரம் தமிழர். நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். தாய் இந்திரா, ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தங்கை.

பரோடாவிலும் லண்டனிலும் ஓவியம் படித்த விவான், பிற்காலத்தில் தூரிகையைத் தாண்டிப் போனார். 1992–93 பம்பாய்க் கலவரத்தில் தெருவில் இறந்து கிடந்த ஒரு மனிதரின் படம் பத்திரிகையில் வந்தது. அதை மையமாக வைத்து 1993-ல் 'மெமோரியல்' என்ற படைப்பை உருவாக்கினார். அதில் தகர டிரங்குப் பெட்டிகளை அடுக்கி ஒரு நுழைவாயில் கட்டினார். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் தூக்கிச் செல்லும் அதே பெட்டிகள். அதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

2012-ல் முதல் கொச்சி பினாலேயில், பட்டணம் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானை ஓடுகளை வைத்து ஒரு கற்பனை முசிறி நகரத்தை அமைத்தார். பிறகு அதைத் தண்ணீரில் மூழ்கடித்து, மிளகை மிதக்க விட்டுப் படம் பிடித்தார். படைப்பின் பெயர் 'கறுப்புத் தங்கம்'. சங்கப் பாடல்களில் முசிறியின் மிளகு வணிகத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருள் உடனே புரியும்.

இனி முகங்களுக்கு வருவோம். விவானின் தாத்தா உம்ராவ் சிங் ஷெர்கில் பல பத்தாண்டுகள் தன்னையும் தன் குடும்பத்தையும் விடாமல் புகைப்படம் எடுத்தவர். அந்தப் பழைய படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டி, 2001–02-ல் 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்ற வரிசையை விவான் செய்தார. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில் எடுத்த உருவங்கள் ஒரே அறையில் வந்து நிற்கின்றன. இளமையும் முதுமையும் எதிரெதிரே பார்த்துக்கொள்கின்றன. அம்ரிதா இறந்தது 1941-ல், 28 வயதில். விவான் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. பார்த்தே இராத பெரியம்மாவைப் படங்களின் வழியாகச் சந்திக்கும் முயற்சி இது.

ஆனால் இறந்தவரின் முகத்தை இப்படி மாற்றி அமைக்க யாருக்கு உரிமை? கேள்வி நியாயமானதுதான். அம்ரிதாவே 1934-ல் 'தஹீதிப் பெண்ணாக என் உருவம்' என்ற ஓவியத்தில், காகின் வரைந்த தஹீதிப் பெண்களின் இடத்தில் தன்னை நிறுத்தினார். ஓர் ஐரோப்பிய ஆணின் பார்வையில் இருந்த உருவத்தை ஒரு பெண் தன் உடலால் எடுத்துக்கொண்டாள். அவர் பயன்படுத்தியது தன் உருவத்தை. விவான் பயன்படுத்தியதோ அவருடைய உருவத்தை. இந்த வித்தியாசத்தை மறைக்க முடியாது. விவானும் மறைக்கவில்லை. 'ரீ-டேக்', அதாவது மீண்டும் எடுத்தது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். உண்மைப் படம் என்று ஏமாற்றவில்லை.

2023 மார்ச்சில் விவான் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் அம்ரிதாவின் 'கதை சொல்லி' ஓவியம் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. பட்டணத்தில் ஒதுக்கிய ஓடுகளுக்குச் சந்தையில் விலையே கிடையாது. இருந்தும் இரண்டாயிரம் ஆண்டுக் கடல் வணிகத்தை அந்த ஓடுகள் கண்முன் கொண்டுவந்தன. விலையும் மதிப்பும் ஒன்றல்ல. கைக்கோடரியைக் கும்பிடும் மலைமக்களுக்கு இது எப்போதோ தெரியும்.