மூலவோலையும் படியோலையும்: பிறநாட்டுப் பட்டங்களின் மெய்ம்மை விசாரணை

பெரிய புராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், மணப்பந்தலுக்கு வந்த முதிய அந்தணர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்த பின்னும் வழக்கு முடிந்துவிடவில்லை. கிழிபட்டது படியோலையே என்றும் மூலவோலை தம்மிடம் பத்திரமாக உள்ளதென்றும் முதியவர் கூற, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அம்மூலவோலையைப் படிப்பித்ததோடு அமையாது, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். பக்தியின் நோக்கை ஒருபுறம் வைத்து ஆவண விசாரணை என்ற அளவில் இதனைக் காண்போர்க்கு, அச்சபை நன்கறிந்திருந்த ஒரு நுட்பம் புலப்படும்: வழக்காடுவோர் கையிலுள்ள ஓலை தன்னைத் தானே மெய்ப்பிக்க மாட்டாது, அவர் கைக்கு எட்டாத இடத்தில் காக்கப்பட்ட பிறிதோர் ஓலையே அதனை மெய்ப்பிக்கும். பிறநாட்டுப் பட்டங்களைப் பரிசோதிக்கும் நம் அலுவலகங்கள் இந்நுட்பத்தை மறந்து, பத்திரத்தின்மேல் முத்திரைக்கு மேல் முத்திரையிடுவதையே பரிசோதனையாகக் கொண்டுள்ளன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருகோணமலைக்குக் கடல்கடந்த பட்டம் புதியதன்று. ‘மோகனாங்கி’ நாவலை 1895இல் வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளையின் தமையனாரும், 1863இல் இங்கே பிறந்தவருமான த. கனகசுந்தரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்துப் பீ. ஏ. பட்டதாரி. 1921இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாகும் வரை, தன் மாணவரை இலண்டன் பல்கலைக்கழகத்து வெளிவாரிப் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்தது. அப்பட்டங்களை ஊரார் ஐயமின்றி ஏற்றமைக்கு வெள்ளையர் மீதிருந்த பிரமிப்பு ஒரு காரணமென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனினும் உறுதியான காரணம் வேறொன்று உண்டு. ‘கலண்டர்’ என்ற ஆண்டுநூலில் தேறியோர் பெயர்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் அச்சிட்டு வந்தமையால், அந்நூலைப் புரட்டத் தெரிந்த எவரும், பட்டதாரியிடம் ஒரு சொல்லும் கேளாமலே பட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாயிருந்தது.

இன்றைய மோசடி அக்காலத்துக் கள்ளக் கையெழுத்தோடு நின்றுவிடவில்லை. கராச்சி நகரத்து ‘அக்ஸாக்ட்’ என்னும் நிறுவனத்தைப் பற்றி 2015 மே மாதத்தில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை வெளியிட்ட செய்தி, ஏறத்தாழ 370 இணையத்தளங்களைக் கொண்டு, இல்லாத பல்கலைக்கழகங்களை மட்டுமன்றி, அப்பல்கலைக்கழகங்களை அங்கீகரிப்பதாகப் பாவனை செய்யும் இல்லாத சபைகளையும் அந்நிறுவனம் சிருஷ்டித்திருந்தமையை அம்பலப்படுத்தியது. பொய்க்குச் சாட்சியாகப் பிறிதொரு பொய் நிறுத்தப்பட்டது என்க. இதனினும் சிந்திக்கத்தக்கது, அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜோன் கெரியின் கையொப்பந் தாங்கிய உறுதிப்பத்திரங்களும் அங்கே விலைப்பட்டமையாகும். இத்தகைய அத்தாட்சி, முன்னைய கையொப்பமும் முத்திரையும் உரியவருடையனவே என்று கூறுமேயன்றி, பத்திரத்தில் எழுதியுள்ள சங்கதி உண்மை என்று கூறுவதேயில்லை. நம் ஊரிலும், நிழற்பிரதி எடுத்த கையோடு சமாதான நீதவானிடம் ‘உண்மைப் பிரதி’ என்ற முத்திரை பெறுவோர் பலர். அம்முத்திரை பிரதியைப் பற்றியது, பட்டத்தைப் பற்றியதன்று. பொய்ப் பத்திரத்துக்கும் உண்மைப் பிரதி உண்டல்லவா!

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களை ஏற்குமிடத்து, பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலையும் சர்வதேசப் பல்கலைக்கழகக் கைந்நூலையும் ஆதாரமாகக் கொண்டு வந்துள்ளது. இது நியாயமான ஏற்பாடே. எனினும், பட்டமளித்த ஸ்தாபனம் மெய்யானதா என்ற வினாவுக்கே பட்டியல் விடை கூறும். அந்த ஸ்தாபனம் இன்னாருக்குப் பட்டமளித்ததா என்பது வேறு வினா. 2024 நவம்பர் 21இல் சபாநாயகராகத் தெரிவான அசோக ரன்வல, தம் கலாநிதிப் பட்டம் பற்றி எழுந்த சர்ச்சையில், ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வு நிறுவனத்தினின்று அதனைப் பெற்றதாகவும், ஆவணங்களை உடனடியாகச் சமர்ப்பிக்க இயலவில்லை என்றும் கூறி, டிசம்பர் 13இல் பதவி துறந்தார். வசேடா எப்பட்டியலிலும் இடம்பெறும் பல்கலைக்கழகம். ஆகவே பட்டியல் இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. அவரைப் பற்றித் தீர்ப்புரைப்பது என் நோக்கமன்று. நாடு முழுதும் பத்திரத்தைக் காட்டுமாறு அவரையே கேட்டுக்கொண்டிருந்தது என்பதையே சுட்ட விரும்புகிறேன். பத்திரத்தை அவர் காட்டியிருப்பினும், அது அவர் கையிலிருந்து வந்த ஓலையாகவே இருந்திருக்கும்.

இவ்விஷயத்தில் கல்வியுலகம் துறைமுகத்திடம் கற்கவேண்டியது உண்டு. சீனன்குடாவில் கோதுமை இறக்கவரும் கப்பலின் அதிகாரிகள் பல நாட்டவர். அவர்தம் தகைமைச் சான்றிதழ்களும் பல நாட்டன. மாலுமிகளின் பயிற்சியும் சான்றிதழும் பற்றிய 1978ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையும் அதன் பிற்காலத் திருத்தங்களும், சான்றிதழ் வழங்கும் நாடு பதிவேடொன்றைப் பேணவும், கேட்கும் நாட்டுக்கும் கப்பற் கம்பனிக்கும் சான்றிதழின் நிலையைத் தெரிவிக்கவும் கடமைப்படுத்துகின்றன. கொடி நாட்டின் ஏற்புக் குறிப்பு வரும்வரை, அதற்கு விண்ணப்பித்தமைக்கு ஆதாரமுள்ள மாலுமி மூன்று மாதத்துக்கு மேற்படாமல் பணிபுரியலாம். இதனால் நேர்மையாளன் காத்துக் கிடந்து வயிறு காய்வதுமில்லை. ஏட்டில் உள்ள ஏற்பாடு நடைமுறையில் தவறுவதும் உண்டு: கடல்சார் சர்வதேச ஸ்தாபனத்துக்காகக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2001இல் சமர்ப்பித்த ஆய்வில் 12,635 போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டமை பதிவாயிற்று. அதே காலத்தில், கப்பலோட்டியறியாத டேவிட் கொக்ரொஃப்ட் என்ற சர்வதேசத் தொழிற்சங்கத் தலைவர், பனாமா நாட்டின் முதல் அதிகாரிச் சான்றிதழைத் தம் பெயரிலேயே விலைக்கு வாங்கிக் காட்டினார். ஆயினும் ‘இத்தனை’ என்று எண்ணிச் சொல்ல முடிந்ததே, கேட்டறியப் பதிவேடுகள் இருந்தமையாலன்றோ?

கண்ணாற் காணும் பரிசோதனை பயனற்றதென்று கூறவில்லை. சரித்திர அறிவுள்ள கண்ணுக்குச் சில பொய்கள் உடனே அகப்படும்: யாழ்ப்பாணத்தில் 1974இல் தொடங்கியது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமே, அது தனிப் பல்கலைக்கழகமானது 1979இல். ஆகவே ‘யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், 1976’ என்று பொறித்த பட்டம் எத்துணை அழகிய இலச்சினையோடு வரினும் பொய்யே. 1986இல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரால் 1984இல் பட்டமிருத்தலும் அவ்வாறே. ஆனால் இவை அவசரக்காரர் செய்யும் பிழைகள். நிதானமான மோசடிக்காரர் இவற்றைச் செய்யார். நான் பார்க்க நேர்ந்த கோப்பொன்றில், பத்திரத்தின் அடியில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்ணுக்கே அழைத்து, ‘உறுதிப்படுத்தப்பட்டது’ என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார் ஓர் எழுதுவினைஞர். வழக்காடியின் மடியிலிருந்தே சாட்சியை எடுத்த கதைதான் அது. பதிவாளரின் முகவரியைப் பத்திரத்திலிருந்தன்றி, சர்வதேசக் கைந்நூல் போன்ற பிறிதோர் ஆதாரத்திலிருந்து பெறவேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

பதிவேட்டை நாடும் முறைமையால் பொய்யர் அகப்படுவதைக் காட்டிலும் மெய்யர் காக்கப்படுவதே அதிகமென்பேன். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோதும், அதற்கு முன்னும் பின்னும் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோதும், பெட்டியோடு பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இக்கரையில் அநேகம். பத்திரமே பட்டமென்றால் அவர்கள் படிப்பும் அன்றே அழிந்தது; பதிவேடே பட்டமென்றால் அழிந்தது படியோலை மட்டுமே.

ஆயினும் பதிவேட்டை நாடுவோர்க்கும் தமிழர் பெயர் ஒரு சோதனை. தந்தை பெயரின் முதலெழுத்து சிலவிடத்து முன்னும் சிலவிடத்துப் பின்னும் நிற்கும். ‘ஞானம்’ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் ஒரு பத்திரத்தில் ‘ஜி’யிலும் மற்றொன்றில் ‘என்’னிலும் தொடங்கும். பிறந்த தேதியையும் மாணவர் பதிவிலக்கத்தையும் சேர்த்தனுப்பாமல் பெயரை மட்டும் எழுதிக் கேட்டால், ‘அப்படியொருவர் இல்லை’ என்றே மறுமொழி வரும். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்துப் பீ. எஸ்ஸி. தேறியவர் மயில்வாகனன்; 1924இல் சந்நியாசம் பெற்று, பின்னர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர் விபுலாநந்த அடிகள். இருவரும் ஒருவரே. அவ்விரு பெயரும் தாங்கிய கோப்பு இன்று நம் அலுவலக மேசையொன்றுக்கு வருமாயின், ‘பெயர் பொருந்தவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதி, அடுத்த தபாலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிடும்.