நாலு கோடு, மூணு கலர், ஒரு மோண்ட்ரியான்

"இதென்ன பெரிய விஷயம், ஸ்கேல் வச்சு நாலு கோடு போட்டு கட்டத்துல கலர் அடிச்சா ஆச்சு. எங்க வீட்டு வாண்டு கூட வரைஞ்சிடும்!"

பியட் மோண்ட்ரியான் ஓவியத்தைப் பார்த்ததும் நம்மாளுங்க அடிக்கிற முதல் டயலாக் இதுதான். சரி, வரைஞ்சுதான் பார்ப்போமேன்னு நான் உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது 1930-ல் அவர் வரைந்த 'சிவப்பு, நீலம், மஞ்சள்' ஓவியம். ஏறக்குறைய ஒன்றரை அடிச் சதுரம். வலது மேலே பெரிய சிவப்பு, இடது கீழ் மூலையில் நீலம், வலது கீழ் மூலையில் துளியூண்டு மஞ்சள். மத்ததெல்லாம் வெள்ளை, இடையில் கறுப்புக் கோடுகள். அவ்ளோதான் படம்.

அதுக்கு முன்னாடி மனிதரைப் பற்றிக் கொஞ்சம். 1872-ல் நெதர்லாந்தில் பிறந்தவர். ஆரம்பத்தில் வரைந்ததெல்லாம் காற்றாலை, ஆறு, மரம். நாற்பதை நெருங்கும்போது பாரிஸ் போய் கியூபிசத்தில் விழுந்தார். மரத்தின் கிளைகள் வெறும் கோடுகளாயின. 1917-ல் தேயோ வான் டூஸ்புர்க் தொடங்கிய 'டி ஸ்டைல்' பத்திரிகையில் தன் கொள்கையை எழுத ஆரம்பித்தார். நமக்குத் தெரிந்த இந்தக் கட்டங்கள் வந்தது 1920-21 வாக்கில். அதாவது, ஐம்பது வயசு ஆகப்போகுது அவருக்கு. வாண்டு சமாச்சாரம் இல்லைங்க :-)

இப்போ வேலைக்கு வருவோம். அவர் ஆயில் பெயிண்டில் செய்ததை நான் அக்ரிலிக்கில் செய்தேன். சீக்கிரம் காயும். கோட்டுக்கு டேப் ஒட்டினதும் நேரா கறுப்பு அடிக்கக்கூடாது. முதல்ல டேப் ஓரத்தில் அடிநிறமான வெள்ளையை ஒரு தடவு தடவணும். அது இடுக்கை அடைச்சுடும். காய்ஞ்ச பிறகு கறுப்பு அடிச்சா கசியாம கத்தி மாதிரி ஓரம் கிடைக்கும்.

அடுத்தது தடிமன். எல்லாக் கோடும் ஒரே அளவு இல்லை. இடது மேல் பக்கம் இருக்கும் குட்டிக் கோடு மத்ததை விடத் தடி. அது எதுக்குன்னு பார்க்க, தனித்தாளில் எல்லாத்தையும் ஒரே தடிமனில் போட்டுப் பார்த்தேன். படம் மொத்தமும் சிவப்பு பக்கமா சாயுது! தராசில் படிக்கல் வைக்கிற மாதிரி வச்சிருக்கார் மனுஷன்.

வெள்ளையும் அப்படித்தான். புத்தகத்தில் மொழுக்குன்னு தெரியும். நிஜத்தில் அது பல பூச்சு, பிரஷ் தடத்தோட. ஒரே பூச்சில் விட்டால் வெள்ளை காலி இடமாத்தான் நிற்கும். மூணாவது பூச்சில்தான் அதுவும் ஒரு நிறமாச்சு.

இந்தக் கணக்கெல்லாம் அவருக்கு எவ்வளவு முக்கியம்? 1937-ல் நாஜிகள் மியூனிக்கில் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் இவர் ஓவியங்களும் கேலிக்கு வைக்கப்பட்டன. 1938-ல் லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே குண்டு விழ, 1940-ல் நியூயார்க். ஐரோப்பாவில் வரைந்த கேன்வாஸ்களையும் அங்கே வரவழைத்து, கோடு சேர்த்து, நகர்த்தி, கலர் துண்டு வைத்துத் திருத்தினார். அதனால்தான் சில படங்களுக்கு 1935-42 என்கிற மாதிரி இரட்டைத் தேதி. உயிரைக் காப்பாத்திக்க ஊர் ஊரா ஓடும்போதும், ஒரு கோடு எங்கே நிற்கணும்னு விடாம யோசிச்சிருக்கார். 1944-ல் நியூயார்க்கிலேயே காலமானார்.

'அதான் ஒரு படத்தை தலைகீழா மாட்டி வச்சிருந்தாங்களே' என்பீங்க. உண்மைதான். கலர் டேப் ஒட்டி அவர் முடிக்காமல் விட்ட 'நியூயார்க் சிட்டி 1' 1945-லிருந்தே தலைகீழாகத்தான் தொங்குகிறது என்று ஜெர்மனியின் டூசெல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் 2022-ல் சொன்னார்கள். திருப்பினால் டேப் பிய்ந்துவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

நானும் என் காப்பியைத் திருப்பி வச்சுப் பார்த்தேன். சிவப்பு கீழே வந்ததும் படம் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துடுச்சு. நேரா வச்சா, அத்தனை கனமும் மேலே இருந்தும் விழாம நிக்குது. அந்த நிற்பைத்தான் அவர் வரைஞ்சிருக்கார். கட்டத்தை இல்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை நீங்களும் முயற்சி பண்ணிப் பாருங்க. வாண்டையும் கூட உட்கார வச்சுக்கோங்க :-)