மைக்கல் பரடேயும் மெழுகுதிரியும்

நேயர்களே, விஞ்ஞானி என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்ணிலே தோன்றுவது, ஆய்வுகூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு குப்பிகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே தனித்திருக்கும் ஒருவரது உருவமேயாகும். அவர் கண்டறிந்தவற்றைப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பது வேறொருவருடைய வேலை என்றும், ஆராய்ச்சி முற்றிய பின்னர் ஓய்வாகச் செய்யத்தக்க ஓர் உபகாரம் என்றும் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஒருவருடைய வரலாற்றைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம். அவர்தாம் மின்னியல் வரலாற்றில் ஒப்பற்ற இடம்பெற்ற மைக்கல் பரடே.

1799ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் நிலையமொன்று நிறுவப்பட்டது. விஞ்ஞான அறிவைப் பரப்புதலும், அவ்வறிவை அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படச் செய்தலும் அதன் நோக்கங்கள். அதனை நிறுவியவர்களுள் முதன்மையானவர் றம்போட் பிரபு. ஆரம்பத்தில், கைத்தொழிலாளரும் அங்கு வந்து பயிலவேண்டும் என்று திட்டமிடப்பட்டது. தோமஸ் வெப்ஸ்ரர் என்னும் கட்டடக் கலைஞர், விரிவுரை மண்டபத்தின் மேன்மாடத்துக்குத் தொழிலாளர் வெளியிலிருந்தே ஏறிச்செல்வதற்கெனத் தனியான கற்படிகளையும் அமைத்தார். ஆனால் அது பிரான்சியப் புரட்சியின் அச்சம் இங்கிலாந்தின் மேற்குடியினரை விட்டு நீங்காத காலம். தொழிலாளருக்கு அறிவு புகட்டுவது அரசியலுக்கு ஆபத்தாக முடியும் என்று கருதியவர்கள் அத்திட்டத்தைக் கைவிடச் செய்தனர். கற்படிகளும் அகற்றப்பட்டன. ஏழை ஏறிவரும் படியைப் பெயர்த்தெடுத்த அதே மண்டபத்துக்குள், சில ஆண்டுகளின் பின்னர், ஒரு கொல்லனுடைய மகன் வந்து அமர்ந்தான். அவன் வந்த வழியே நமது கதை.

1801ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் இளைஞர் அந்நிலையத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சொல்வன்மையும் செய்முறைத் திறனும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர். அவருடைய உரைகளைக் கேட்க வந்தோரின் குதிரை வண்டிகள் அல்பமாள் வீதியை அடைத்துக்கொண்டன. அந்நெரிசலின் காரணமாகவே இலண்டனில் முதன்முதலாக ஒருவழிப் பாதையாக்கப்பட்ட வீதி அதுவென்பர். 1807ஆம் ஆண்டில் மின்னோட்டத்தின் துணைகொண்டு பொற்றாசியம், சோடியம் ஆகிய உலோகங்களை முதன்முதலிற் பிரித்தெடுத்தவரும் இந்த டேவியே.

டேவியின் உரைகளைக் கேட்கச் சென்றவர்களுள் ஜேன் மார்செற் என்னும் பெண்மணியும் ஒருவர். செய்முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வந்தமையால், கேட்டது முழுவதும் அவருக்கு முதலில் விளங்கவில்லை. பின்னர் நண்பரொருவரோடு உரையாடி, செய்முறைகளைத் தாமும் செய்து பார்த்தபோது தெளிவு பிறந்தது. தமக்கு ஏற்பட்ட இடர்ப்பாடு பிறருக்கும், சிறப்பாகப் பெண்களுக்கும், ஏற்படுமன்றோ என்று கருதிய அவ்வம்மையார், ஓர் ஆசிரியைக்கும் இரண்டு மாணவியருக்குமிடையே நிகழும் உரையாடலாக இரசாயன நூலொன்றை எழுதினார். 1806ஆம் ஆண்டளவில் வெளிவந்த அந்நூலின் முகப்பில் ஆசிரியருடைய பெயர் காணப்படவில்லை. ஆயினும் அது பல பதிப்புகளைக் கண்டது. அதன் பிரதியொன்று, பழைய புத்தகங்களைக் கட்டிக்கொடுக்கும் கடையொன்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

அக்கடை றீபோ என்பவருக்குச் சொந்தமானது. அங்கே தொழில் பழகிய சிறுவனே மைக்கல் பரடே. 1791ஆம் ஆண்டிற் பிறந்த அவனுடைய தந்தையார் கொல்லர், நோயாளி. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவன் கற்ற பள்ளிக் கல்வி. பதினான்காம் வயதில், ஏழாண்டு ஒப்பந்தத்தின் பேரிற் புத்தகம் கட்டும் தொழிலில் அமர்ந்தான். கட்டுவதற்கு வந்த நூல்களை மேலட்டையோடு விட்டுவிடாமல் உள்ளேயும் புகுந்து படித்தான். கலைக்களஞ்சியமொன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவனை ஈர்த்தது. மார்செற் அம்மையாரின் நூல் அவனுக்கு இரசாயனத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. நூல் கூறியதை அப்படியே நம்பாமல், கையிற் கிடைத்த சில்லறைக் காசுக்கு வாங்கிய பொருள்களைக் கொண்டு செய்து பார்த்தான். கூறியவாறே நிகழக் கண்டான். அந்த நூலை உறுதியான நங்கூரமெனப் பற்றிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்தார். தாம் புகழ்பெற்ற பின்னர், தமது ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பிரதிகளை அவ்வம்மையாருக்குக் காணிக்கைபோல் அனுப்பிவந்தார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

1812ஆம் ஆண்டில், கடைக்கு வந்த வாடிக்கையாளரான வில்லியம் டான்ஸ் என்பவர், இளைஞனின் ஆர்வத்தைக் கண்டு, டேவியின் விரிவுரைகள் நான்கிற்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். பரடே மேன்மாடத்தில், மணிக்கூட்டுக்கு மேலாக அமைந்த இருக்கையில் அமர்ந்து கேட்டான். கேட்டவற்றைக் குறித்துக்கொண்டு, வீடுசென்று விரித்தெழுதி, கருவிகளின் படங்களையும் வரைந்து, 300க்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட தொகுதியாகத் தன் கையாலேயே கட்டினான். அவ்வாண்டு மார்கழியில் அதனை டேவிக்கு அனுப்பி, விஞ்ஞானத் தொண்டில் ஏதாவதொரு வேலை தருமாறு வேண்டினான். டேவி அன்போடு மறுமொழி எழுதினார். நேரிற் கண்டபோது, புத்தகம் கட்டும் தொழிலைக் கைவிட வேண்டாம் என்றே புத்திமதி கூறினார். ஆனால் சில வாரங்களில் ஆய்வுகூட உதவியாளரின் இடம் வெற்றிடமாயிற்று. 1813ஆம் ஆண்டு பங்குனி மாதத்திற் பரடே அப்பதவியை ஏற்றார். சம்பளம் வாரத்துக்கு 25 சிலிங். மேல்மாடியில் இரண்டு அறைகள். அவற்றோடு நிலக்கரியும் மெழுகுதிரியும்.

நேயர்களே, இச்சங்கிலியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். டேவி பொதுமக்களுக்கு உரையாற்றினார். அதனைக் கேட்ட பெண்மணி நூலெழுதினார். அந்நூலைக் கட்ட வந்த சிறுவன் அதனைப் படித்தான். படித்தவன் டேவியின் உரையை நாடி வந்தான். இக்கண்ணிகளுள் ஒன்று அறுந்திருப்பினும், பரடே தம் வாழ்நாள் முழுவதும் தோலும் பசையும் கொண்டு புத்தகம் கட்டியிருக்கக்கூடும். ஆகவே விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தல் ஆராய்ச்சி முடிந்தபின் செய்யும் உபகாரமன்று. அடுத்த ஆராய்ச்சியாளனைத் தேடிப் பிடிக்கும் பணியுமாகும்.

இவ்வுண்மையைப் பரடேயைவிட நன்கறிந்தவர் எவர்? உதவியாளராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே, நண்பர் அபொட் என்பவருக்கு எழுதிய கடிதங்களில், விரிவுரை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவர் நுணுகி ஆராய்ந்தார். மண்டபத்துக் காற்றோட்டம், கேட்போர் இருக்கை, பேசுவோர் குரல், செய்முறைகளின் அளவு ஆகிய எல்லாவற்றையும் கவனித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேற் பேசலாகாது என்பது அவருடைய துணிபு. பின்னர் சொற்பயிற்சி ஆசிரியரொருவரிடம் பணம் கொடுத்துப் பாடமும் கேட்டார். தாம் உரையாற்றும்போது வேகம் கூடிவிட்டால், 'மெதுவாக' என்றெழுதிய அட்டையைத் தம்முன் வைக்குமாறு உதவியாளரைப் பணித்திருந்தார். இயல்பாகவே வந்ததுபோற் தோன்றிய அவருடைய எளிய பேச்சு, பல ஆண்டுகால உழைப்பின் பயன் என்பதை நாம் மறத்தலாகாது.

1825ஆம் ஆண்டில் ஆய்வுகூட இயக்குநராக நியமிக்கப்பட்ட பரடே, வெள்ளிக்கிழமை மாலை உரைகளைத் தொடக்கிவைத்தார். 1826ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய முதலாவது வெள்ளி உரையின் பொருள் இறப்பர். அன்று அது ஐரோப்பியருக்குப் புதுமையானதொரு பொருள். 1876ஆம் ஆண்டில் இறப்பர் நாற்றுகள் நம் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்துசேர்வதற்கு அப்போது இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன. இளைஞருக்கான நத்தார் விரிவுரைகளும் 1825ஆம் ஆண்டிலேயே தொடங்கின. அவற்றுள் 19 தொடர்களைப் பரடே தாமே நிகழ்த்தினார். உலகப் போரின் காரணமாக 1939 முதல் 1942 வரை தடைப்பட்டமை நீங்கலாக, அவ்விரிவுரைகள் ஆண்டுதோறும் இன்றளவும் நடைபெற்று வருகின்றன.

இத்தனை உரைகளுக்கிடையே ஆராய்ச்சி தளர்ந்ததோ எனின், இல்லை. 1831ஆம் ஆண்டு ஆவணி மாதம் 29ஆம் திகதி, இரும்பு வளையமொன்றின் இருபுறமும் கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றிற் பாயும் மின்னோட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மற்றதில் மின் தூண்டப்படுவதை அவர் கண்டறிந்தார். மின்பிறப்பாக்கியும் மின்மாற்றியும் இத்தத்துவத்தின் வழிவந்தவையே.

ஆராய்ச்சிக்கு மேடையே இடங்கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. 1846ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எடுத்துக்கொண்ட பொருள் நேரத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது. எஞ்சிய நேரத்தை நிரப்புவதற்காக, பரடே தம் மனத்தில் நெடுநாளாக இருந்த ஓர் ஊகத்தை வெளியிட்டார். ஒளியென்பது, வெளியெங்கும் பரந்துள்ள விசைக்கோடுகளின் அதிர்வாக இருத்தல் கூடாதோ என்பது அவ்வூகம். கணித மொழியறியாத பரடே அதனை நிறுவ முற்படவில்லை. ஆனால் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1864ஆம் ஆண்டிற் தமது மின்காந்தக் கொள்கையைக் கணித வடிவில் வெளியிட்டபோது, பரடேயின் அந்த எண்ணத்தைப் பெயர்சுட்டி ஏற்றுக்கொண்டார். ஹேட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1887, 1888ஆம் ஆண்டுகளில் அவ்வலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். அவ்வலைகளின் மீதேறியே வானொலிக் குரல் இல்லந்தோறும் செல்கின்றது.

கேட்போரை மகிழ்விப்பதோடு பரடே நின்றுவிடவில்லை. 1853ஆம் ஆண்டில், மேசையைச் சுற்றிப் பலர் கைவைத்திருக்க அது தானே நகரும் என்னும் ஆவி விளையாட்டு இலண்டன் எங்கும் பரவியது. மின்சாரமே காரணம் என்றனர் சிலர். ஆவி என்றனர் வேறு சிலர். பரடே, கைகளுக்கும் மேசைக்கும் இடையே நகரக்கூடிய தட்டுகளை வைத்து, மேசைக்கு முன்னர் கையே அசைகின்றது என்பதை நிறுவினார். கைவைத்தவர்கள் வஞ்சகரல்லர், தம் கை தள்ளுவதைத் தாமே அறியாதவர்கள். அக்கை அசைவு கண்ணுக்குத் தெரியும்படி சுட்டியொன்றை அமைத்தபோது மேசை நின்றுவிட்டது! இம்முடிவைப் பத்திரிகையில் வெளியிட்ட பரடே, மறுவருடம் ஆற்றிய உரையொன்றில், தான் விரும்புவதையே உண்மையென நம்பும் மனத்தை அடக்கப் பழகுதலே கல்வியின் முதற்பாடம் என்று வலியுறுத்தினார். விஞ்ஞானியின் முடிவை மாத்திரமன்றி, அம்முடிவுக்கு அவர் வந்த வழியையும் மக்கள் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1860ஆம் ஆண்டு மார்கழியில், அறுபத்தொன்பது வயதும் குன்றிய நினைவாற்றலும் உடையவராய், தமது கடைசி நத்தார் விரிவுரைகளை நிகழ்த்தப் பரடே மேடையேறினார். எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி. உருகிய மெழுகு திரிவழியே ஏறுவதையும், ஆவியாகி எரிவதையும் காட்டினார். சுவாலைக்கு ஒளி தருவது அதனுட் காய்ந்து ஒளிரும் கரித்துணிக்கை என்றார். எரிதலினால் நீரும் காபனீரொட்சைட்டும் உண்டாவதைச் சிறுவர் கண்முன் நிறுவினார். இறுதியில், நம் உடலிலும் அத்தகைய எரிதலொன்று நிகழ்வதைக் கூறி, மனிதனொருவன் நாளொன்றுக்கு 7 அவுன்சு வரையான காபனை மூச்சாக வெளிவிடுவதையும், அதனைத் தாவரங்கள் ஏற்பதையும் விளக்கினார். தம்மைச் சூழ்ந்தோருக்கு மெழுகுதிரிபோல் ஒளிதருமாறு சிறுவரை வாழ்த்தி விடைபெற்றார். வில்லியம் குறூக்ஸ் என்னும் இரசாயனவியலாளர் அவ்வுரைகளைப் பதிப்பித்து 1861ஆம் ஆண்டில் நூலாக்கினார். பரடே 1867ஆம் ஆண்டிற் காலமானார்.

சங்கிலியோ அங்கே முடியவில்லை. ஜப்பானில், நாலாம் வகுப்பிற் படித்த சிறுவனொருவனுக்கு ஆசிரியை ஒருவர் அந்த மெழுகுதிரி நூலைப் படிக்கும்படி கூறினார். அச்சிறுவனே, இலிதியம் அயன் மின்கலத்தை உருவாக்கியமைக்காக 2019ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரான அக்கிரா யொஷினோ. தம்மை இரசாயனத்தின்பால் ஈர்த்தது அந்நூலே என்று அவர் கூறினார்.

றோயல் இன்ஸ்ரிரியூஷனின் கற்படிகள் அகற்றப்பட்டபோது, வெளியே நின்றவர்களுள் எத்தனை பரடேகள் இருந்தனரோ, எவரறிவார்! ஒரு வாடிக்கையாளரின் கையிலிருந்த சீட்டு ஒருவரை உள்ளே கொணர்ந்தது. எனவே, தாம் கண்டதையும் காணத் தவறியதையும், கடந்துவந்த பாதையையும் விஞ்ஞானிகள் மக்கள் மொழியில் எடுத்துரைத்தல் வேண்டும். அப்பேச்சு எந்தக் கடையின் பின்கட்டில், எந்தச் சிறுவனுடைய காதில், எந்தச் சிறுமியுடைய கையிற் போய் விழும் என்பதைப் பேசுபவர் முன்கூட்டியே அறிதல் இயலாது. அறிய இயலாதாகையால், யாவருக்கும் பேசுதலே முறை.